லண்டன் விடுதிகளும் ஒரு குசினிக் கதையும்

லண்டனில் குரோம்வெல் என்ற பெயரோடு பல தெருக்கள் உண்டு. அவற்றில் இரண்டைப் பற்றி இன்று எழுதப் போகிறேன். ஒன்று வடக்கே ஹைகேட் பகுதியில் இருக்கும் குரோம்வெல் அவெனியூ. மற்றது தெற்கு கென்சிங்டனில் இருக்கும் குரோம்வெல் ரோட். லண்டனுக்குச் சுற்றுலா போன எல்லோரும் இரண்டாவது தெருவில் நடந்திருப்பீர்கள். டைனோசர் எலும்புக்கூடு வைத்திருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. ஹைகேட் தெருவில் 65ஆம் இலக்க வீடும் கென்சிங்டன் தெருவில் 21ஆம் இலக்க வீடும் நூறு வருடங்களுக்கு முன் இந்தியாவிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் தங்கிய இடங்கள். முதல் வீட்டைப் பிரித்தானிய அரசுக்கு எதிரான ஒருவர் தன் சொந்தக் காசில் தொடங்கினார். அதைப் பார்த்துப் பயந்த அரசு சில வருடங்களில் இரண்டாவது வீட்டைத் திறந்தது.

ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் எனக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரும். "அண்ணா, ரெஸ் எடுக்கட்டோ, வெளியில ரூம் எடுக்கட்டோ?" "மீல் பிளான் கட்டாயமோ?" "குசினியை எத்தனை பேரோட பங்குபோட வேணும்?" நான் ஸ்காபரோவில் வளர்ந்து, முதுகலைப் பொறியியல் படிக்க ஒரு வருடம் லண்டன் போனவன். புளூம்ஸ்பரி பகுதியில் ஒரு மாணவர் விடுதி. ஒன்பது பேருக்கு ஒரு குசினி, இரண்டு பிரிட்ஜ், எப்போதும் அலறுகிற ஒரு தீ எச்சரிக்கை மணி. இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி எழுதிக் களைத்துப்போய், கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. விடுதி என்பது கட்டிலும் மேசையும் மட்டும் உள்ள இடம் என்றால் அதற்கு வரலாறே இருந்திருக்காது. ஆனால் இருக்கிறது. அந்த வரலாற்றில் தமிழர்கள் நினைப்பதைவிட அதிகமாக வருகிறார்கள்.

விடுதிகள் வருவதற்கு முன் என்ன செய்தார்கள்? 1888இல் சட்டம் படிக்க லண்டன் வந்த 18 வயது மோகன்தாஸ் காந்தியின் பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்க வேண்டும், அந்த வீட்டு அம்மா சமைப்பதைச் சாப்பிட வேண்டும். இறைச்சி சாப்பிடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்துவிட்டு வந்தவர் அவர். வீட்டுக்கார அம்மாவுக்கோ இறைச்சி இல்லாமல் என்ன சமைப்பது என்றே தெரியவில்லை. பசியோடு நடந்து நடந்து, கடைசியில் பாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். பிறகு தனி அறை எடுத்து, ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தானே காய்ச்சிக் குடிக்கப் பழகினார். இன்று உங்களில் பாதிப் பேர் முதல் செமஸ்டரில் இதைத்தான் செய்கிறீர்கள். ஓட்ஸுக்குப் பதில் நூடில்ஸ், அவ்வளவுதான்.

உணவுப் பிரச்சினை ஒருபுறம். வீடு கொடுக்க ஆள் இல்லாதது இன்னொருபுறம். தோலின் நிறத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தும் வீட்டுக்காரர்கள் அப்போதும் நிறைய இருந்தார்கள், அதற்குப் பின் பல பத்தாண்டுகளுக்கும் இருந்தார்கள். 1907 அளவில் பிரித்தானியாவில் இருந்த இந்திய மாணவர்கள் சுமார் 700 பேர். இன்று ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர் சங்கத்திலேயே அத்தனை பேர் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் அந்த 700 பேரைப் பற்றி அரசாங்கம் கவலைப்பட்ட அளவுக்கு இன்று நம்மைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா கட்ச் பகுதியில் மாண்ட்வி என்ற துறைமுக ஊரில் 1857இல் பிறந்தவர். சமஸ்கிருதத்தில் பெரிய ஆள். ஒக்ஸ்போர்டில் மோனியர் வில்லியம்ஸ் என்ற பேராசிரியருக்கு உதவியாளராக இருந்து, அங்கேயே பாலியோல் கல்லூரியில் படித்து, சட்டமும் முடித்து, இந்தியாவில் சமஸ்தானங்களில் திவானாக வேலை பார்த்தார். பணம் சேர்ந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளோடு மோதல்களும் சேர்ந்தன. பிறகு லண்டனுக்கே வந்து குடியேறினார். 1905 தொடக்கத்தில் ஒரு பத்திரிகை, ஒரு தன்னாட்சிச் சங்கம், அடுத்ததாக ஒரு விடுதி. இந்தியப் பட்டதாரிகள் வந்து படிப்பதற்கு 2,000 ரூபாய் மதிப்புள்ள உதவித்தொகைகளையும் அறிவித்தார். ஒரு நிபந்தனை: படித்து முடித்து ஊர் திரும்பியபின் பிரித்தானிய அரசில் வேலைக்குப் போகக் கூடாது.

அந்த நிபந்தனையை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் லண்டனுக்குப் படிக்க வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஐ.சி.எஸ். அல்லது பாரிஸ்டர் என்பதுதான் கனவு. நம் வீடுகளில் டொக்டர், எஞ்ஜினியர் என்று சொல்வதைப் போல. அந்தக் கனவையே விட்டுக்கொடுத்தால் காசு தருகிறேன் என்கிறார் இவர்.

1905 ஜூலை 1ஆம் திகதி, 65 குரோம்வெல் அவெனியூவில் 'இந்தியா ஹவுஸ்' திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் ஹைண்ட்மன் என்ற ஆங்கிலேய சோஷலிஸ்ட். தாதாபாய் நவுரோஜி, லாலா லஜபதி ராய், மேடம் காமா எல்லோரும் வந்திருந்தார்கள். 25 மாணவர்கள் வரை தங்கலாம். விரிவுரை மண்டபம், நூலகம், வாசிப்பறை எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம். அடுத்த வருடம் 23 வயது சாவர்க்கர் சட்டம் படிக்க வந்து சேர்ந்தார். 1907இல் கிருஷ்ணவர்மா பொலிஸ் கண்ணிலிருந்து தப்பிப் பாரிசுக்குப் போய்விட, விடுதி இளைஞர்களின் கைக்கு வந்தது.

இங்கேதான் நம் ஆட்கள் வருகிறார்கள். வ.வே.சு. ஐயர் திருச்சி வரகனேரியில் 1881இல் பிறந்தவர். ரங்கூனில் வக்கீலாக இருந்துவிட்டு, பாரிஸ்டர் ஆவதற்காக 1907இல் லண்டன் வந்து லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். இங்கே வந்து சேரும்போது அவருக்கு மனைவியும் குழந்தையும் உண்டு, வக்கீல் தொழிலில் நல்ல வருமானமும் இருந்தது. அடுத்தவர் எம்.பி.டி. ஆச்சாரியா, 1887இல் சென்னையில் பிறந்தவர். பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகையை நடத்திய மண்டையம் குடும்பம். பத்திரிகைக்கு நெருக்கடி வந்து, புதுச்சேரி வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, கையில் காசில்லாமல் இந்த விடுதியில் வந்து விழுந்தவர். மூன்றாமவர் டொக்டர் தி.சே.சௌ. ராஜன், ஸ்ரீரங்கத்துக்காரர், மருத்துவ மேற்படிப்புக்கு வந்தவர். இந்த ராஜன்தான் 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சர் ஆனார். அன்று லண்டனில் அவர் வெறும் மாணவர்.

குசினியைப் பற்றிச் சொல்லாவிட்டால் விடுதியைப் பற்றிச் சொன்னதாகாது. இந்தியா ஹவுஸில் குஜராத்தி, மராட்டியர், வங்காளி, பஞ்சாபி, தமிழர் என்று எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். கடல் தாண்டினாலே சாதியிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட காலம் அது. காந்தி லண்டனுக்குப் புறப்பட்டபோது அவருடைய சாதிக்காரர்கள் அவரைத் தள்ளிவைத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பொடியன்கள் ஒருவர் சமைத்ததை இன்னொருவர் சாப்பிட்டார்கள் என்பது சின்ன விசயம் இல்லை. சமையல்காரர் பெயர் சதுர்புஜ் அமீன். 1909 தொடக்கத்தில் இவர் ஊருக்குத் திரும்பியபோது பெட்டியின் போலி அடித்தட்டுக்குள் 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகளை வைத்து பம்பாய்க்குக் கொண்டுபோனார். அவற்றில் ஒன்றால்தான் அந்த வருடம் டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார். வழக்கு வந்தபோது அமீன் அப்ரூவராக மாறிச் சாட்சி சொன்னார். விடுதிச் சமையல்காரரைப் பற்றி நாம் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் போலிருக்கிறது.

வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன், ஆனால் வேடிக்கையாக முடிந்த கதை இல்லை இது. மதன்லால் டிங்ரா அமிர்தசரஸ்காரர். லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் இயந்திரப் பொறியியல் மாணவர், இந்தியா ஹவுஸ் வட்டத்தில் ஒருவர். 1909 ஜூலை 1ஆம் திகதி, அதாவது விடுதி திறந்து சரியாக நான்கு வருடம் கழித்து, இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டில் நடந்த ஒரு விருந்து நிகழ்ச்சியின் முடிவில் கர்சன் வைலி என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். தடுக்க ஓடிவந்த பார்சி டொக்டர் லால்காகாவும் செத்துப்போனார். டிங்ராவைப் பெற்ற தகப்பனே அவரைத் தன் மகன் இல்லை என்று சொல்லிவிட்டார். ஓகஸ்ட் 17ஆம் திகதி பென்டன்வில் சிறையில் தூக்கு. வயது 25.

பொறியியல் மாணவர், 25 வயது. நான் முதுகலை முடித்த வயதும் அதுதான். டிங்ராவை வீரன் என்று சொல்கிறவர்களின் புத்தகங்களையும், கொலைகாரன் என்று சொல்கிறவர்களின் புத்தகங்களையும் வாசித்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் லால்காகாவுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. அந்த மனிதர் எந்தப் பக்கத்துக்காரரும் இல்லை, கண் முன்னே ஒருவர் விழுந்ததும் உதவ ஓடிவந்தார். ஆயுதம் ஏந்திய காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு, இந்த மாதிரி ஒரு வரியில் முடிந்துபோகும் ஆட்களைப் பற்றி ஓரளவு தெரியும்.

அதன்பிறகு விடுதியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வாசலில் ஸ்கொட்லன்ட் யார்ட் துப்பறிவாளர்கள் நின்றார்கள். உள்ளேயே தங்கிச் சாப்பிட்டுக்கொண்டு பொலிசுக்குத் தகவல் கொடுத்தவர்களும் இருந்தார்கள். மாணவர்கள் கலைந்தார்கள். ஆச்சாரியா மொரோக்கோவில் ஸ்பானியருக்கு எதிராகச் சண்டை பிடிக்கும் மக்களோடு சேரப் போகிறேன் என்று கிளம்பி, அது சரிவராமல் போய், பிறகு ஊர் ஊராகத் திரிந்து, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, அவர்களோடும் ஒத்துப்போகாமல் அராஜகவாதியாகி, 1954இல் பம்பாயில் வறுமையில் இறந்தார். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

விடுதி கலைந்த அதே 1909 ஒக்டோபர் 24இல், பேய்ஸ்வாட்டரில் ஓர் உணவகத்தில் விஜயதசமி விருந்து ஒன்று நடந்தது. தலைமை தாங்கியவர், தென்னாபிரிக்காவிலிருந்து தூது வந்திருந்த காந்தி. பேசியவர்களில் சாவர்க்கரும் ஒருவர். இந்த விருந்தின் சமையல் வேலையை மாணவர்களே செய்தார்கள். பாத்திரம் கழுவி, மரக்கறி வெட்டி உதவிக்கொண்டிருந்த மெலிந்த மனிதர் யார் என்று முதலில் யாரும் கவனிக்கவில்லை என்றும், பிறகுதான் அவரே அன்றைய தலைவர் என்று தெரிந்தது என்றும் ராஜன் சொன்ன ஒரு கதை உண்டு. ஒருவரையொருவர் முற்றாக மறுத்தவர்கள் காந்தியும் சாவர்க்கரும். ஆனாலும் அன்று ஒரே பந்தியில் இருந்தார்கள்.

ஐயர் 1910இல் லண்டனை விட்டுத் தப்பினார். சீக்கியர் போல் தாடி வளர்த்திருந்தாராம். பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துக்களைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒருவனிடம் தன் பெயர் வீர விக்ரம் சிங் என்று சொல்லிச் சமாளித்தாராம். எப்படியோ அந்த வருடமே புதுச்சேரிக்கு வந்து பாரதியாரோடும் அரவிந்தரோடும் சேர்ந்துவிட்டார். ஐயரை இங்கே விட்டுவைக்கிறேன். திரும்ப வருவோம்.

இனி இரண்டாவது குரோம்வெல். டிங்ரா சுடுவதற்கு முன்பே, 1907இல், பிரித்தானிய அரசு லீ-வார்னர் தலைமையில் ஒரு குழுவை அமைத்து இந்திய மாணவர்கள் எங்கே தங்குகிறார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்று விசாரித்தது. அந்த அறிக்கையை வெளியிடவே பல வருடம் தயங்கினார்கள். 1909இல் மாணவர்களுக்கென ஒரு தகவல் நிலையம், அதற்கு ஆலோசகராக அர்னோல்ட் என்ற பேராசிரியர். 1910இல் 21 குரோம்வெல் ரோட்டில் புதிதாகக் கப்பலில் வந்திறங்கும் மாணவர்கள் சில நாள் தங்குவதற்கு அறைகள். சுத்தமான கட்டில், மரியாதையான வரவேற்பு, நல்ல வீடு தேடித் தருவதற்கு ஆள். காகிதத்தில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் மாணவர்கள் நம்பவில்லை. அங்கே யார் என்ன கேட்டாலும் அது கோப்பில் ஏறும் என்று நினைத்தார்கள். அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருந்தது. ஒரு விடுதியில் அரசின் ஆட்களை உள்ளே விட்டவர்கள் இன்னொரு விடுதியைச் சும்மா நடத்துவார்களா? இதே நாடகம் பிறகு ஆபிரிக்க மாணவர்களுக்கும் நடந்தது. லாடிப்போ சோலான்கே தொடங்கிய மேற்கு ஆபிரிக்க மாணவர் சங்கம் 1933இல் கேம்டனில் தன் சொந்த விடுதியைத் திறந்தது. அடுத்த வருடமே குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் ஆதரவோடு அக்ரி ஹவுஸ் என்ற போட்டி விடுதி வந்தது, சங்க மாணவர்கள் அதைப் பகிஷ்கரித்தார்கள். நல்ல வசதிகள் செய்து கொடுத்துக்கொண்டே கண்காணிப்பது எப்படி என்று ஒரு அரசு பழகிக்கொண்டது.

21 குரோம்வெல் ரோட்டில் தங்கியவர்களில் ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1914 ஏப்ரல் 14ஆம் திகதி லண்டனில் வந்திறங்கிய ராமானுஜன் முதல் சில நாட்கள் அங்கேதான் இருந்தார். பிறகு கேம்பிரிட்ஜ். சில வாரம் நெவில் என்ற கணிதப் பேராசிரியரின் வீடு. ஜூனில் டிரினிட்டி கல்லூரியின் ஹியூவெல்ஸ் கோர்ட்டில் ஓர் அறை.

ராமானுஜன் என்றதும் 1729 என்ற எண்ணைச் சொல்லாத ஆள் இல்லை. அதை விடுங்கள். எனக்கு அவருடைய கட்டில் கதைதான் எப்போதும் நினைவில் நிற்கும். பிற்காலத்தில் பெரிய புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். குளிர்காலத்தில் ஒரு நாள் ராமானுஜனின் அறைக்குப் போய், இரவு சூடாக இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை, மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தாலும் குளிர்கிறது என்று பதில். கட்டிலில் கம்பளிகள் குறைவாக இருக்கின்றனவா என்று மகலனோபிஸ் உள்ளே போய்ப் பார்க்கிறார். வேண்டிய அளவு கம்பளி இருந்தது. எல்லாவற்றையும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள், இங்கிலாந்தில் வழக்கமாகச் செய்வதைப் போல. அவற்றைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார்.

உலகத்துக்கே புரியாத சூத்திரங்கள் எழுதியவருக்குக் கட்டில் தெரியவில்லையா என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வராது. என் அம்மா கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஹீட்டரை எப்படிப் போடுவது என்று தெரியாமல், கேட்க வெட்கப்பட்டு, இரண்டு நாள் அடுப்பைப் பற்றவைத்து அதன் அருகே இருந்ததாகச் சொல்வார். கேட்கத் துணிவு இல்லாத இடத்தில் அறிவாளிக்கும் குளிரும்.

சாப்பாடு அதைவிடக் கஷ்டம். டிரினிட்டியின் உணவு மண்டபத்தில் ராமானுஜன் சாப்பிடவில்லை. மரக்கறியைக்கூடப் பன்றிக் கொழுப்பில் பொரித்துவிடுவார்கள் என்ற பயம். அறையிலேயே தானே சமைத்தார். கணக்கில் மூழ்கினால் சமையல் நள்ளிரவுக்கோ விடியலுக்கோ தள்ளிப்போகும். அந்த வருடம் ஓகஸ்டில் முதலாம் உலகப்போர் தொடங்கி, பால், பழம், மரக்கறி கிடைப்பதே பாடாகிவிட்டது. ஒரு தடவை சட்டர்ஜி என்ற நண்பரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். தன் கையால் வைத்த ரசத்தைப் பரிமாறினார். இரண்டாம் முறையும் வாங்கினார்கள். மூன்றாம் முறை பெண்கள் இருவரும் போதும் என்றார்கள். சிறிது நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. சில நாள் கழித்து ஒக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. தான் வைத்த ரசம் பிடிக்கவில்லை என்று நினைத்து, மனம் நொந்து, கிடைத்த வண்டியைப் பிடித்துப் போய்விட்டிருந்தார்.

நம்முடைய வீட்டில் யாராவது விருந்தாளி மூன்றாம் தடவை "காணும்" என்று சொன்னால் அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். நம்மால் இந்தக் கதையை விளக்கம் இல்லாமலே விளங்கிக்கொள்ள முடியும். ஹார்டி போன்றவர்களுக்கு அது கடைசிவரை புதிராகத்தான் இருந்திருக்கும். ராமானுஜன் 1917இல் நோயில் விழுந்தார். 1919இல் ஊர் திரும்பினார், அடுத்த வருடம் இறந்தார். தனியறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டதுதான் நோய்க்குக் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு ஒரு குசினித் துணை இருந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு.

அவர் இறந்த அதே 1920இல், அவரைப் போன்றவர்களுக்காகவே யோசித்தது போல, ஒரு விடுதி லண்டனில் திறந்தது. தொடங்கியவர் ஒரு தமிழர். சேலத்தில் 1876இல் பிறந்த கே.டி. பால், கனகராயன் திருச்செல்வம் பால். இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச்செயலாளர். முதல் இடம் 'ஷேக்ஸ்பியர் ஹட்' என்ற ஒரு தற்காலிகக் கட்டடம். ஷேக்ஸ்பியருக்கு நாடக அரங்கம் கட்ட வாங்கிய நிலத்தில், போருக்கு வந்த நியூசிலாந்துச் சிப்பாய்கள் ஓய்வெடுக்கக் கட்டியது. சில வருடங்களில் விடுதி கவர் தெருவுக்கு மாறியது. கிறிஸ்தவ அமைப்பின் விடுதி, ஆனால் எந்த மதத்துக்காரரும் தங்கலாம், இந்தியர்களும் ஆங்கிலேயர்களும் சேர்ந்து பழக வேண்டும் என்பது நோக்கம். 1940இல் ஜெர்மன் குண்டு விழுந்து அந்தக் கட்டடம் சேதமானது. போருக்குப் பின் பிட்ஸ்ரோய் சதுக்கத்தில் புதிதாகக் கட்டி, இன்றும் நடக்கிறது. நான் தங்கிய இடத்திலிருந்து நடக்கும் தூரம்தான். உணவு மண்டபத்தில் சோறும் பருப்பும் கோழிக்கறியும் கிடைக்கும், வெளியாட்களும் போகலாம். கே.டி. பால் என்ற பெயரைத் தமிழ் மாணவர்கள் யாராவது சொல்வார்களா என்று பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மண்டபத்தில் கறியை மேசைக்குக் கொண்டுவந்து யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பதைத்தான் அவர் விட்டுப்போன சொத்து என்று நான் சொல்வேன்.

இப்போது வ.வே.சு. ஐயருக்குத் திரும்பி வருவோம். புதுச்சேரியில் பத்து வருடம் இருந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், தமிழின் முதல் சிறுகதைகளில் ஒன்று என்று சொல்லப்படும் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதினார். துப்பாக்கி வழியை விட்டுக் காந்தியின் வழிக்கு வந்தார். சிறை போனார், சிறையில் கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். பிறகு, லண்டன் விடுதியில் வாழ்ந்த அந்த மனிதர், தானே ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவியில், தாமிரபரணிக் கரையில், தமிழ்க் குருகுலம். தமிழில் கல்வி, உடலுழைப்பு, தேசப்பற்று. காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது, வெளிநாட்டுத் தமிழர்களும் நன்கொடை அனுப்பினார்கள்.

அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெற்றோர் அந்த நிபந்தனையோடு சேர்த்தார்கள், ஐயர் ஒப்புக்கொண்டார். அது வெளியே தெரிந்ததும் தமிழ்நாடு முழுக்கக் கொந்தளித்தது. காங்கிரசில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். தேசத்தின் பணத்தில் நடக்கும் இடத்தில் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பதா? காந்தியிடம் பஞ்சாயத்துப் போனது. அவர் ஒரு சமரசம் சொன்னார், அது யாருக்கும் போதவில்லை. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் பாய்ந்து, இருவரும் போய்விட்டார்கள். அவருக்கு 44 வயது. அந்த வருடம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுக்க மறுத்ததும், பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். குருகுலச் சண்டையின் கோபமும் அவரோடு சேர்ந்தே வெளியேறியது. அடுத்த நூறு வருடத் தமிழ்நாட்டு அரசியலில் ஒரு பங்கை இந்த இரண்டு தட்டுகளில் தேடலாம்.

ஐயரின் ஆதரவாளர்கள் சொல்வதை நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் தனிப்பட்ட முறையில் யாரோடும் சாப்பிடுகிறவர், பெற்றோரின் வற்புறுத்தலுக்காக இரண்டு பேர் விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தார், பெரிய காரியம் இந்தச் சின்னதில் கெட வேண்டாம் என்று நினைத்தார். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். என் அபிப்பிராயம் இது: அந்தச் சின்ன விசயம்தான் பெரிய காரியம். ஹைகேட்டில் எல்லோரோடும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் சுலபமாக வந்தது ஊருக்குப் போனதும் ஏன் கஷ்டமானது? ஹைகேட்டில் அவர்கள் எல்லோருமே அந்நியர்கள், சாதியைக் கேட்கும் ஆள் பக்கத்தில் இல்லை. சேரன்மகாதேவியில் பெற்றோர் வாசலில் நின்றார்கள்.

நமக்கு இது இன்னும் சிக்கல். நம் பெற்றோரும் நம்மோடே கடல் தாண்டி வந்துவிட்டார்கள். என் விடுதிக் குசினியில் கருவாட்டு மணத்துக்காக நிர்வாகத்திடமிருந்து எனக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. அது எரிச்சல், ஆனால் அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று எனக்குத் தெரிந்தது. பதில் எழுதத் தெரியாதது வேறொன்று. ஐரோப்பாவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பொடியன், என்னைவிட இளையவன், நன்றாகப் பழகிய ஒரு மாதத்துக்குப் பின், தோசைக் கல்லைக் கழுவிக்கொண்டே கேட்டான்: "அண்ணா, உங்கட அப்பா ஊரில எந்தப் பக்கம்?" ஊரைச் சொன்னேன். "அதில எந்தப் பக்கம்?" என்றான். அவன் யாழ்ப்பாணத்தை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். ஆனாலும் எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்பதை வைத்து ஆளை எங்கே உட்கார வைப்பது என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் அவனுடைய தோசைக் கல் அலமாரியில் தனியாகப் பூட்டப்பட்டிருந்தது. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். என் ஒன்பது பேர் குசினியில் பூட்டிய அலமாரி அது ஒன்றுதான்.

செப்டெம்பரில் ரெஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு: மீல் பிளான் முதல் வருடம் எடுங்கள், இரண்டாம் வருடம் வேண்டாம். ரைஸ் குக்கர் அனுமதியா என்று முன்னதாகவே கேளுங்கள், பல இடங்களில் அறைக்குள் விட மாட்டார்கள். கம்பளிகளை மெத்தைக்கு அடியில் செருகியிருந்தால் இழுத்து எடுத்துப் போர்த்துங்கள். லண்டன் பக்கம் போனால் 65 குரோம்வெல் அவெனியூவையும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள், சாதாரணக் குடியிருப்பு, சுவரில் 1985இல் வைத்த ஒரு நினைவுப் பலகை, அதில் சாவர்க்கரின் பெயர் மட்டும். ஊரில் எந்தப் பக்கம் என்று யாராவது குசினியில் கேட்டால், எனக்குத் தெரிந்த ஒரு தங்கை "கென்னடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில" என்றுதான் சொல்வாளாம். அதற்கு மேலும் கேட்டால் பஸ் இலக்கத்தைச் சொல்வாளாம்.